எச்சில் தீட்டும் பஞ்சுத் தூசியும்: ஆலைகளில் சாதி பங்கிட்ட மூச்சு

எங்கள் அத்தைக்குத் திங்கட்கிழமை பிடிக்காது. வேலைக்குப் போகிற யாருக்குத்தான் பிடிக்கும் என்று சின்ன வயதில் நாங்கள் கேலி செய்வோம். அவர் சோம்பலைப் பற்றிச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று.

"ஞாயித்துக்கெழம வீட்ல கெடந்தா நெஞ்சு லேசாயிருதுய்யா. திங்கக்கெழம மில்லுக்குள்ள போனா யாரோ ஆட்டுக்கல்லத் தூக்கி வச்ச மாதிரி அமுக்குது. புதன் வியாழன் ஆனா அதுவே பழகிருது."

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் கார்டிங் பிரிவில் அவருக்கு வேலை. எங்கள் சேரிக்கு விடியற்காலையில் மில் வேன் வரும். ஆலைக்குள் இருந்த நர்ஸம்மா இருமல் டானிக் கொடுத்தார். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சளியைச் சோதித்துவிட்டு டி.பி. இல்லை என்றார்கள், 'வீசிங்' என்று எழுதினார்கள். இன்னொரு மருத்துவர், "பரம்பரையா வர்றது" என்றார். எங்கள் வீட்டில் பரம்பரையாக வந்தவை சில உண்டு. இளைப்பு அவற்றில் ஒன்று அல்ல.

திங்கட்கிழமை நெஞ்சை அமுக்கி வாரக் கடைசியில் தளர்கிற இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது. பிசினோசிஸ். பஞ்சு, சணல், ஆளி நார் ஆகியவற்றின் தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் மூச்சுக்குழல் நோய். இந்த நோயின் வரலாற்றை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆலைத் தொழிலாளர் வரலாற்றை அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆலைகளில் சாதி இருந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆனால் இந்த மூன்று வரலாறுகளும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. இவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் பார்ப்போம். 1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆளியும் சணலும் சீவுகிறவர்கள் ஓயாமல் இருமுவதையும், அவர்களுக்கு மூச்சு முட்டுவதையும் அதில் குறித்தார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னும் ஒன்றையும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவரும் அவர்தான். அந்தக் கேள்வி: உன் தொழில் என்ன? 1831-இல் மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் கே, பஞ்சாலைத் தொழிலாளர்களின் இருமலைத் தனி நோயாகவே விவரித்தார். பிசினோசிஸ் என்ற பெயரை 1877-இல் வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் அட்ரியான் புரூஸ்ட். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் இவருடைய மகன். வாழ்நாள் முழுக்க ஆஸ்துமாவோடு போராடியவர். தொழிலாளியின் மூச்சிரைப்புக்குப் பெயர் வைத்தவரின் வீட்டுக்குள்ளேயே ஒரு மூச்சிரைப்பு இருந்திருக்கிறது. அந்த மூச்சிரைப்பைப் பற்றி உலகம் நிறையப் படித்துவிட்டது.

சாதாரண ஒவ்வாமை ஆஸ்துமாவிலிருந்து பிசினோசிஸ் வேறுபடுகிற இடம் திங்கட்கிழமைதான். ரொட்டிக் கூடத்தில் மாவுத் தூசியைச் சுவாசிப்பவருக்கு வரும் ஆஸ்துமாவை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு அந்த மாவை எதிரியாக அடையாளம் கண்டுவிடுகிறது. பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுக்குழல் சுருங்குகிறது. பொதுவாக வாரம் போகப் போக மோசமாகி, விடுமுறையில் தணிகிறது. பிசினோசிஸில் இது தலைகீழ். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் மோசமானது. அடுத்தடுத்த நாட்களில் தளர்கிறது. ஆண்டுகள் ஆக ஆக, திங்கள் மட்டும் என்றிருந்தது திங்கள், செவ்வாய் என்றாகும், பிறகு வாரம் முழுக்க நீளும். கடைசியில் ஆலையை விட்டு நின்ற பிறகும் போகாது. 1950-களில் லங்காஷயர் ஆலைகளில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஷில்லிங் இந்தப் படிநிலைகளை வைத்தே நோயைத் தரம் பிரித்தார். எத்தனை திங்கட்கிழமைகள், வாரத்தில் எத்தனை நாட்கள் என்று தொழிலாளியிடம் கேட்பதே அவருடைய கருவி.

காரணம் பஞ்சு இழை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். உண்மையில் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வருகிற சருகும் காய்ந்த இலைத்தூளும் அவற்றில் வாழும் பாக்டீரியாக்களும்தான் முக்கியக் குற்றவாளிகள். அந்தப் பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு உண்டு. காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்பதைவிட எவ்வளவு எண்டோடாக்சின் இருக்கிறது என்பதுதான் மூச்சுத்திறன் குறைவதோடு நெருக்கமாகப் பொருந்துகிறது என்று 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இந்த விவரம் நமக்கு ஏன் முக்கியம்? சருகும் குப்பையும் ஆலையின் எல்லாக் கூடங்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பேலை உடைத்துப் பஞ்சை உதறுகிற புளோரூம், சீவுகிற கார்டிங், பிறகு நூற்பு என்று முதல் கூடங்களில்தான் குப்பை பறக்கிறது. நூலாகிப் பாவாகி, கஞ்சி போட்டுத் தறிக்குப் போகும்போது பெரும்பகுதி உதிர்ந்துவிட்டிருக்கும். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. 1978-இல் அமெரிக்க அரசு பஞ்சுத் தூசிக்கு உச்சவரம்பு விதித்தபோது, நூல் தயாரிக்கும் கூடங்களுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் என்று வைத்தது. கஞ்சி போடும் பிரிவுக்கும் தறிக்கூடத்துக்கும் 750. ஒரே எடைத் தூசி நூற்புப் பக்கம் அதிகம் கொல்லும் என்பதை ஒப்புக்கொண்ட கணக்கு இது. முதலாளிகள் வழக்குக்குப் போனார்கள். 1981-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதியை உறுதி செய்தது.

200, 750 என்ற இந்த இரண்டு எண்களோடு இப்போது பம்பாய்க்குப் போவோம்.

1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வேலை செய்தார்கள். கொங்கணக் கரையிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த மராத்தாக்கள், குன்பிகள், மகர்கள், வடக்கிலிருந்து வந்த முஸ்லிம் நெசவாளர்கள். நகரம் சாதியைக் கரைத்துவிடும், இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்று சொல்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இயந்திரத்துக்குத் தெரியாதுதான். ஆனால் இயந்திரத்தின் முன்னால் யார் நிற்கலாம் என்பதை முடிவு செய்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தறிக்கூடத்துக்குள் தீண்டப்படாதார் நுழையக் கூடாது என்பது பம்பாய் ஆலைகளின் எழுதப்படாத சட்டம்.

காரணம் எச்சில். தறியில் குறுக்கே பாயும் நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய தார் இருக்கும். தார் தீர்ந்ததும் புதுத் தார் போட்டு, நூல் முனையை நாடாவின் பக்கத்திலுள்ள சிறு துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். அந்தத் துளையில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நூல் வந்துவிடும். ஒரு நாளில் எத்தனையோ முறை இதைச் செய்ய வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க நேரும். மகர் வாய் வைத்த நாடாவில் மராத்தா எப்படி வாய் வைப்பார்? அவ்வளவுதான் வாதம். நகரத்தின் மிகப் பெரிய தொழிலில், நல்ல கூலி கிடைக்கும் பிரிவை ஒரு துளி எச்சிலைக் காட்டி மூடிவிட்டார்கள்.

நாடாவில் வாய் வைப்பது இந்தியப் பழக்கம் அல்ல. லங்காஷயரிலிருந்து தறியோடு சேர்ந்து வந்தது. அங்கே அதை நாடாவை முத்தமிடுதல் என்பார்கள். காசநோய் பரவும் என்ற அச்சத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-லேயே அதைத் தடை செய்தது. வாய் வைக்கவே தேவையில்லாத நாடாவும் அப்போது இருந்தது. 1890-களில் வந்த நார்த்ராப் தானியங்கித் தறியில் நூல் தானே கோத்துக்கொள்ளும். அதாவது எச்சில்தான் சிக்கல் என்றால் நாடாவை மாற்றியிருக்கலாம். நாடாவை மாற்றுவதைவிட மனிதரை விலக்குவது மலிவாக இருந்தது. இந்த இடத்தில் முதலாளியின் கணக்கும் சாதி இந்துத் தொழிலாளியின் தீட்டும் ஒன்றுக்கொன்று உதவி செய்துகொண்டன.

தறிக்கூடம் மூடப்பட்டால் மகர்கள் எங்கே போவார்கள்? நூற்புப் பக்கம். பெரும்பாலும் ரிங் ஸ்பின்னிங் பிரிவுக்கு. அதாவது, எந்தப் பக்கத்துக்கு அரை நூற்றாண்டு கழித்து 200 என்று எழுத நேர்ந்ததோ அந்தப் பக்கத்துக்கு.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். புளோரூமிலும் கார்டிங்கிலும் இருந்தவர்கள் எல்லோரும் தலித்துகள் என்று நான் சொல்லவில்லை. வேறு ஏழைச் சாதியினரும் முஸ்லிம்களும் அந்தத் தூசியைத் தின்றிருக்கிறார்கள். ஸ்பின்னிங்கைவிட கார்டிங்கில்தான் தூசி மோசம் என்பதும் உண்மை. தறிக்கூடமும் சொர்க்கம் அல்ல. காதைச் செவிடாக்கும் இரைச்சல், ஈரப்பதம், கஞ்சித் தூள். அந்தக் கஞ்சிக்கும் ஒரு கதை உண்டு. பாவுக்குக் கஞ்சி போட நம் ஊர்ப் புளியங்கொட்டைப் பொடியைச் சேர்த்தார்கள். அதே பொடியைப் பயன்படுத்திய பிரிட்டிஷ் நெசவாலை ஒன்றில் தொழிலாளர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் கூட்டமாக வந்ததை 1957-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆக, நெசவாளிக்கும் நோய் வரும். ஆனால் நெசவாளி நோயை விலையாகக் கொடுத்து அதிகக் கூலி வாங்கினார், விரும்பினால் நூற்புக்கும் போகலாம். மகருக்கு நோயும் உண்டு, குறைந்த கூலியும் உண்டு. இருந்த ஒரு வாசலும் சாத்தியிருந்தது. யாருக்கு நோய் வந்தது என்பதோடு, தப்பிக்கும் வாசல் யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அண்ணல் அம்பேத்கருக்கு இந்த வாசல் நன்றாகத் தெரியும். பரேலின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்தவர் அவர். 1928 ஏப்ரலில் பம்பாய் ஆலைகள் எல்லாம் நின்ற பெரும் வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு மாதம் நீடித்தது. போராட்டக் குழு பதினேழு கோரிக்கைகளை வைத்திருந்தது. கூலி, வேலைநேரம், ஆட்குறைப்பு எல்லாம் இருந்தன. தறிக்கூடத்தின் வாசல் இல்லை. எங்கள் ஆட்களுக்கு எல்லாப் பிரிவுகளிலும் வேலை செய்யும் உரிமை வேண்டும் என்று நீங்கள் கேட்காவிட்டால், ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்றார் அம்பேத்கர். தயக்கத்தோடு அந்தக் கோரிக்கையைச் சேர்த்தார்கள். அது முதலாளிகளிடம் போனபோது, இது அநீதி என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அவர்கள் பதில் சொன்னதாக அண்ணலின் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

அந்தப் பதிலை எண்ணிப் பார்க்கிறேன். முதலாளி கை கழுவிவிட்டார். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. வாசலில் நின்று தடுத்தவர் பக்கத்துத் தறிக்காரர். இதை எழுதும்போது இடதுசாரித் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், வர்க்க ஒற்றுமையைக் குலைக்கிறாய் என்பார்கள். அந்த ஒற்றுமை தறிக்கூட வாசலில் ஏற்கெனவே குலைந்துதான் கிடந்தது. 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் பேசிய அம்பேத்கர், பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளருக்கு இரண்டு எதிரிகள் என்றார். பலரும் மேற்கோள் காட்டும் உரை அது. அதே உரையில் பஞ்சாலைத் தறிக்கூட விலக்கைப் பற்றியும் அவர் பேசினார் என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பார்ப்பனியம் என்று அவர் சொன்னதற்கு, சுதந்திரமும் சமத்துவமும் சகோதரத்துவமும் மறுக்கப்படுவது என்று பொருள். அது தொழிற்சங்கத்துக்குள்ளும் இருக்கலாம். அதே ஆண்டு நவம்பரில், தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அதே கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தியவரும் அவர்தான். ஒற்றுமையைக் குலைக்க வந்தவர் செய்கிற வேலையா அது?

(சென்னையில் 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஏன் சேரவில்லை, அதற்காகப் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எப்படி எரிந்தன என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.)

அகமதாபாத்தின் கதை இன்னும் கசப்பானது. அங்கும் தறிக்கூடம் சாதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும். நூற்புக்கூடம் தலித்துகளுக்கு. அந்த நூற்புத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் வணகர்கள். குஜராத்தியில் வணகர் என்றாலே நெசவாளி என்று பொருள். தலைமுறை தலைமுறையாகக் கைத்தறியில் நெய்த சாதி. ஆலைத் துணி வந்து கைத்தறியை விழுங்கியது. பிழைப்புத் தேடி ஆலைக்கு வந்த நெசவாளியிடம், நீ எதை வேண்டுமானாலும் செய், நெசவு மட்டும் செய்யாதே என்றார்கள். சாதி என்பது குலத்தொழிலின் மறுபெயர் என்றும், அவரவர் தொழிலை அவரவர் செய்யும் ஏற்பாடு என்றும் இன்றும் மேடையில் பேசுகிறவர்கள் இந்த வணகருக்கு என்ன பதில் சொல்வார்கள்? குலத்தொழில் மரியாதையும் கூலியும் தரத் தொடங்கியவுடன் அது அவருடைய குலத்தொழிலாக இல்லாமல் போய்விட்டது.

அகமதாபாத் சங்கம் காந்தியின் வழிகாட்டலில் 1920-இல் உருவானது. தீண்டாமைக்கு எதிராகப் பேசிய சங்கம்தான். ஆனால் பிரிவு வாரியாகத் தனித்தனிச் சங்கங்களைக் கூட்டிக் கட்டிய அமைப்பு அது. தறிக்கு ஒன்று, நூற்புக்கு ஒன்று. கூடங்களே சாதியாகப் பிரிந்திருந்ததால் சங்கங்களும் சாதியாகவே நின்றன. தண்ணீர்ப் பானையும் தனித்தனியாக இருந்தது.

கடல் தாண்டியும் இதே காட்சியைப் பார்க்கலாம். அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் 1915-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பஞ்சாலைகளில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் வேலை செய்யக் கூடாது. 1960 வரை அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. தெற்கத்திய ஆலைகளுக்குள் கறுப்பர்களைச் சேர்ப்பதே அபூர்வம். சேர்த்தாலும் பேல் உடைக்கிற அறை, பஞ்சு உதறுகிற அறை, முற்றம். சிவில் உரிமைச் சட்டம் வந்த 1964-க்குப் பிறகுதான் கதவு திறந்தது. பழுப்பு நுரையீரல் என்று அங்கே தொழிலாளர்கள் அழைத்த இந்த நோய்க்காக 1975-இல் கரோலினாவில் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கட்டி, மேலே சொன்ன 1978 விதி வரக் காரணமானார்கள். அங்கே விலக்குக்குச் சட்டம் தேவைப்பட்டது. இங்கே அதுகூடத் தேவைப்படவில்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்நோய் என்று ஏற்றது ஈய நஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு போன்ற ஒரு சிலவற்றைத்தான். பஞ்சுத் தூசி அதில் இல்லை. பிரிட்டன் தன் நாட்டு ஆலைத் தொழிலாளர்களுக்கு 1941-இல் பிசினோசிஸ் இழப்பீட்டைத் தொடங்கியது. அதுவும் 20 ஆண்டு தூசியில் உழைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் பேராசிரியர் அதார்க்கர் தொழிலாளர் நலக் காப்பீட்டுத் திட்டத்தை வரைந்து 1944-இல் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1948 இ.எஸ்.ஐ. சட்டம். பின்னாளில் இழப்பீட்டுச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம் இரண்டின் மூன்றாம் அட்டவணையிலும் பஞ்சு, ஆளி, சணல் தூசியால் வரும் பிசினோசிஸும், பணியிடத்துப் பொருள்களால் வரும் தொழில்சார் ஆஸ்துமாவும் இடம்பெற்றன. அத்தைக்கு 'பரம்பரை' என்று சொன்ன மருத்துவரின் மருந்தகம் எந்தச் சட்டத்தால் நடந்ததோ, அந்தச் சட்டத்திலேயே அவருடைய நோயின் பெயர் அச்சாகியிருந்தது.

அட்டவணையில் பெயர் வந்தால் போதுமா? மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டும். வெப்ப நாட்டில் இந்த நோய் அதிகம் இல்லை என்ற எண்ணம் இங்கே வெகுகாலம் இருந்தது. ஆலைத் தொழிலாளி இருமினால் டி.பி., இல்லாவிட்டால் பீடி. 1970-களின் இறுதியிலும் 80-களிலும் பரேலில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனையின் எஸ்.ஆர். காமத்தும் அவருடைய குழுவினரும் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து, நோய் இங்கே இருக்கிறது, கணிசமாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். பெரிய பணி. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுப் படிவங்களில் பொதுவாக என்ன கேட்பார்கள்? வயது, எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு, புகைப்பழக்கம் உண்டா. 'எந்தப் பிரிவு' என்ற கேள்விக்குள் சாதி ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து யாரும் எழுதியதில்லை. பீடியைக் கேட்ட அளவுக்காவது, உன்னை யார் இந்தப் பிரிவில் போட்டார்கள் என்று கேட்டிருக்கலாம்.

ஆய்வு முடிவுகள் வரும் வேளையில் ஆலைகளே போய்விட்டன. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் இறங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பம்பாய் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நிலம் விலைக்குப் போயிற்று. தொழிலாளிக்கு நோயை நிரூபிக்க எதிரே ஓர் ஆலை வேண்டும், வருகைப் பதிவேடு வேண்டும், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு என்ற சான்று வேண்டும். ஆலை இருந்த இடத்தில் வணிக வளாகம் நின்றால் யாரிடம் போய்ச் சான்று கேட்பது? இருமல் மட்டும் சால் வீட்டில் மிஞ்சியது.

பஞ்சு எங்கும் போய்விடவில்லை. நாட்டின் நூற்பு ஆலைகளில் பெரும்பங்கு இன்று தமிழ்நாட்டில்தான். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், ராஜபாளையம். கூர்ந்து பாருங்கள், இவை நூற்பு ஆலைகள். தறி வேறெங்கோ ஓடுகிறது. முன்பு ஒரே ஆலைக்குள் சுவர் பிரித்த கூடங்கள் இன்று வேறு வேறு ஊர்களாகப் பிரிந்துவிட்டன. 200 என்று எழுதிய பக்கம் முழுக்க நம் மாவட்டங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் யார்? சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில், முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, விடுதியில் பூட்டி வைத்து வேலை வாங்கிய கதை நமக்குத் தெரியும். அந்தப் பெண்களில் தலித் பெண்களே கூடுதல் என்பதை 2011-இலும் 2014-இலும் வெளிவந்த சர்வதேச அறிக்கைகள் சொல்லின. கூலி, விடுதி, பாலியல் தொல்லை பற்றிச் சரியாகவே சத்தம் எழுந்தது. மூச்சைப் பற்றி அந்த அளவுக்கு எழவில்லை.

மூன்றாண்டு என்ற கணக்கையும் கவனிக்க வேண்டும். ஆலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாட்களில் காய்ச்சலும் உடல்வலியும் இருமலும் வரும். மில் காய்ச்சல் என்பார்கள், சில நாளில் போய்விடும். ஆனால் நிலைத்த பிசினோசிஸ் பொதுவாகப் பல ஆண்டு தூசிக்குப் பிறகு வருவது. பதினேழு வயதில் வந்து இருபதில் போகிற பெண்ணின் நோய் எந்த ஆலையின் பதிவேட்டிலும் ஏறாது. கல்யாணமாகி, வேறோர் ஊரில் வேறோர் ஆலைக்கு மறுபடி வேலைக்குப் போகும்போது கணக்கு புதிதாகத் தொடங்கும். நுரையீரல் மட்டும் பழைய கணக்கையும் சேர்த்தே வைத்திருக்கும். லங்காஷயர்த் தொழிலாளியிடம் 20 ஆண்டு காட்டு என்றார்கள். நம் பெண்களை 20 ஆண்டு காட்ட முடியாதபடி துண்டு துண்டாக வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. கார்டிங் இயந்திரத்தை மூடி உறிஞ்சுகுழாய் வைப்பது பழைய தொழில்நுட்பம். காற்றில் தூசியை அளக்கக் கருவி இருக்கிறது. வேலைக்குச் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை, அதையும் திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் செய்வது, இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. கைக்குட்டையைக் கட்டிக்கொள் என்பது பாதுகாப்பு அல்ல. அந்த மெல்லிய தூசி துணியில் நிற்காது.

நம் ஊர்களில் ஆலைக்குப் போகும் தங்கைகளுக்கும் அக்காக்களுக்கும் இதை மட்டும் சொல்கிறேன். நெஞ்சு அமுக்கினால் எந்தக் கிழமை என்று எழுதி வையுங்கள். எந்தப் பிரிவு, எந்த ஷிப்ட், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் குறியுங்கள். சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், "நான் கார்டிங்ல வேல பாக்குறேன், லீவு முடிஞ்சு போற அன்னைக்குத்தான் அதிகமா இருக்கு" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இருமல் மருந்தை அட்டவணை நோயாக மாற்றக்கூடும்.

அத்தை ஆலையை விட்டு நின்று பதினோரு வருடம் ஆகிறது. இப்போது அவருக்கு எல்லாக் கிழமையும் திங்கட்கிழமைதான். போன மாதம் மூச்சு முட்டி அரசு மருத்துவமனையில் ஐந்து நாள் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டைப் படித்துப் பார்த்தேன். பெயர், வயது, முகவரி எல்லாம் சரியாக இருந்தன. தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தது.